உச்சி வெயிலில் ஓசோன் ஊர்வலம்

வரும் 16ஆம் திகதி ஓசோன் தின ஊர்வலத்தைக் காலை பத்தரைக்குத் தொடங்கும் முடிவில் மாற்றமில்லை என்று அதிகாரிகள் சொல்லிவிட்டார்கள். பெற்றோர் கேட்டும் பயனில்லை. செப்டம்பரில் எங்கள் வெருகலின் வெயில் எப்படிப்பட்டது என்று இவர்களுக்குத் தெரியாதா? நண்பகலில் சூரியன் ஏறக்குறைய தலைக்கு நேரே நிற்கும். நிழல் காலடிக்குள் ஒடுங்கிவிடும். கச்சான் காற்று வேறு. தொப்பிகூட இல்லாத சின்னப் பிள்ளைகள் பதாகை பிடித்துத் தார் வீதியில் நடக்க வேண்டுமாம்.

ஓசோன் படையை உலகம் காக்கப் புறப்பட்டதே மனிதரின் தோலையும் கண்ணையும் புறஊதாக் கதிரிலிருந்து காக்கத்தான். குளிர்சாதனப் பெட்டிகளில் இருந்த குளோரோபுளோரோகாபன் வாயுக்கள் அந்தப் படையை அரிப்பது தெரிந்து 1987இல் மொன்றியல் உடன்படிக்கை வந்தது. 1989இல் இலங்கையும் சேர்ந்தது. அந்த உடன்படிக்கையால், 1890 முதல் 2100 வரை பிறக்கும் தன் நாட்டவரிடையே மட்டும் 44 கோடி தோல் புற்றுநோய்களும் 6 கோடி கண்புரைகளும் தவிர்க்கப்படும் என்று அமெரிக்கச் சுற்றாடல் பாதுகாப்பு முகவரகம் மதிப்பிட்டிருக்கிறது.

தோலின் கருமை புற்றுநோய்க்கு எதிராக ஓரளவு காவல். கண்ணுக்கு அந்தக் காவல் இல்லை. பிள்ளைகளின் கண்வில்லை பெரியவர்களுடையதைவிட அதிகக் கதிரை உள்ளே விடும். முதுமையில் தெரியும் சேதம் இந்த வயதிலேயே சேரத் தொடங்குகிறது. வயலில் களை பிடுங்குகிறவர்களும் கரைவலை இழுக்கிறவர்களும் தண்ணீரிலும் மணலிலும் பட்டுத் தெறிக்கும் வெயிலையும் சேர்த்தே வாங்குகிறார்கள். பூ விழுந்த கண்ணோடு, பேரப்பிள்ளையின் தோளைப் பிடித்தபடி திருகோணமலை பஸ்ஸில் ஏறும் முதியவர்களை இங்கே எல்லோரும் பார்த்திருக்கிறோம்.

அதிகாரிகள் இப்படிச் செய்வது முதல்முறையும் அல்ல. விளையாட்டுப் போட்டியன்று அதிதிகளின் பேச்சு முடியும்வரை பிள்ளைகளை மைதானத்தில் நிறுத்தியவர்கள் இவர்கள்தான். மயங்கிய பிள்ளைகளுக்குக் குளுக்கோஸ் கரைத்துக் கொடுத்ததோடு விசாரணை முடிந்தது. முன்பொரு ஓசோன் தினத்தில் வீதியோரம் நட்ட மரக்கன்றுகளுக்கு அடுத்த நாள் தண்ணீர் ஊற்ற ஒருவரையும் நியமிக்கவில்லை. துருப்பிடித்த கம்பிக் கூடுகள்தான் மிச்சம். கண் பரிசோதனை முகாம் வரும் என்றார்கள். பெயர்களை எழுதிக்கொண்டு போனார்கள், முகாம் வரவில்லை.

ஊர்வலத்தை ஏழரைக்கு நடத்த என்ன தடை? பிரதம அதிதியின் வசதிதான் தடையென்றால் அதை வெளிப்படையாகச் சொல்லட்டும். ஓசோன் படையின் பெயரால் பிள்ளைகளின் கண்ணை வெயிலுக்குக் கொடுக்கும் உரிமை எந்த அதிகாரிக்கும் கிடையாது. பெற்றோரோடும் வைத்தியர்களோடும் உட்கார்ந்து பேசி, 16ஆம் திகதிக்கு முன் இதற்கொரு வழி காண வேண்டும்.