ஒப்பனை வேறு, உள்ளோடு வேறு

கொல்கத்தா பாலிகஞ்சில், குருசதய் சாலையிலுள்ள பிர்லா தொழில், தொழில்நுட்ப அருங்காட்சியகத்தில் ஒரு மாதிரி நிலக்கரிச் சுரங்கம் உண்டு. அது மாதிரி என்பதை அறிந்தே பார்வையாளர் நுழைகின்றனர். தோற்றத்துக்கும் தாங்குதிறனுக்குமான இவ்வேறுபாடே, பழம்புனைவுத் தோற்றத்தில் சொந்த நீர்மூழ்கி கட்ட விழைவோர் கற்க வேண்டிய முதற்பாடம்.

அவர்களது கனவின் ஊற்று ஜூல்ஸ் வெர்னின் நாட்டிலஸ். அதன் தலைவன் நெமோ புந்தேல்கண்ட் இளவரசன் என்பதால் அது நமக்கும் அந்நியமன்று. ஆனால் வெர்ன் எழுதியது எளிய சுருட்டு வடிவம். தறையாணிகளும் முதுகு முட்களும் 1954-ஆம் ஆண்டு டிஸ்னி திரைப்படத்துக்காக ஹார்ப்பர் கோஃப் படைத்தவை.

திரைக்குப் பிறந்த அழகைக் கடல் பொருட்படுத்தாது. 10 மீட்டர் ஆழத்திலேயே 30 செ.மீ. விட்டமுள்ள சாளரத்தை ஏறத்தாழ 700 கிலோ எடைக்கு நிகரான விசை அழுத்தும். சென்னையின் தேசியக் கடல்சார் தொழில்நுட்ப நிறுவனம் உருவாக்கும் மத்ஸ்யா 6000-இல் மூவர் அமரும் பகுதி அணியற்ற டைட்டானியக் கோளம். சான்றளிப்பைத் தவிர்த்த டைட்டன், 2023 ஜூனில் ஐவரைப் பலிகொண்டது.

கனவைக் கைவிட வேண்டியதில்லை. நீர் தாராளமாகப் புகுந்து வெளியேறும் மெல்லிய வெளியுறையில் முட்களையும் பெருஞ்சாளரங்களையும் அமைக்கலாம். அங்கே அழுத்த வேறுபாடு இல்லை. மனிதர் அமரும் உள்ளோடு மட்டும் கோளமாகவோ உருளையாகவோ இருந்து, பிறரால் சோதிக்கப்பட வேண்டும். வடிவமைப்பு வகுப்புகள் இவ்விரண்டுக்கும் தனித்தனி வரைபடம் கோரட்டும். முதலாவதற்கு ரசனை மதிப்பெண் இடலாம்; இரண்டாவதற்குக் கணக்கு மட்டுமே இட வேண்டும்.