கிராங்க் கேஸுக்கு எதற்குக் கண்ணாடி மினுக்கு?

கரிசல் மண்ணும் எஞ்சின் ஆயிலும் கலந்தால் என்ன ஆகும் என்பதைக் கயத்தாறு பக்கத்துப் பழைய புல்லட்காரர்களிடம் கேட்க வேண்டும். ஐப்பசி மழையில் காட்டுப் பாதையில் போய்வந்த வண்டியின் அலுமினிய ஹெட்டில், ஃபின்களுக்கு நடுவே அந்தக் கலவை புகுந்து, சூட்டில் வெந்து, தாராக இறுகிவிடும். ஃபின்கள் இருப்பதே காற்று புகுந்து சூட்டை இழுத்துப் போகத்தான். வழி அடைத்தால் எஞ்சின் கொதிக்கும். ஆகவே அழுக்கெடுப்பது அழகுக்காக மட்டும் இல்லை.

எப்படி எடுக்கிறோம் என்பதில்தான் எனக்குச் சண்டை. சில இடங்களில் காஸ்டிக் சோடாவைத் தண்ணீரில் கரைத்து, கழற்றிய பாகத்தை அப்படியே முக்கிவிடுகிறார்கள். நுரை பொங்குவதைப் பார்த்து அழுக்கு கழல்கிறது என்று சந்தோஷம் வேறு. பொங்குவது ஹைட்ரஜன் வாயு, கரைவது அலுமினியம். எஞ்சின் வார்ப்பில் கலந்திருக்கும் சிலிக்கான் மட்டும் கரையாமல் மேலே கறுப்பாகத் தங்கும். போல்ட் மரையும் பேரிங் உட்காரும் இடமும் தேய்ந்தால், பிறகு எந்தப் பாலிஷ் போட்டு என்ன?

மண்ணெண்ணெயோ டீசலோ போதும். எஞ்சின் நன்றாக ஆறிய பிறகு தடவி ஊறவிட்டு, பழைய பல் பிரஷ்ஷால் தேய்த்து, இடுக்குக்கு மூங்கில் குச்சி விட வேண்டும். ஸ்க்ரூ டிரைவரால் நோண்டினால் கீறல் நிலைத்துவிடும். பிறகு சோப்புத் தண்ணீர். கடைசி அலசலுக்கு மட்டும் குடிதண்ணீர் எடுங்கள். நம் பக்கத்து போர் தண்ணீரின் உப்பு, காய்ந்ததும் வெள்ளைத் திட்டாகப் பூக்கும். உலர்த்துவதைப் பற்றிச் சொல்ல வேண்டாம், காற்றாலை நிற்கும் ஊரில் காற்றுக்கா பஞ்சம்!

கிளட்ச் கவர் கதை வேறு. பல வண்டிகளில் கம்பெனியே மெருகேற்றி, மேலே நிறமில்லாத லாக்கர் பூசி அனுப்பியிருக்கும். காலணி உரசி, கல் பட்டு, பூச்சு ஓரிடத்தில் விட்டால் ஈரம் உள்ளே இறங்கும். அப்புறம் மஞ்சளித்த பூச்சுக்குக் கீழே புழு ஊர்ந்த தடம்போல வெள்ளைக் கோடுகள் ஓடும். இதன் மேல் பிராசோ பாலிஷ் தேய்ப்பது வீண் வேலை. பெயின்ட் ரிமூவர் போட்டுப் பழைய பூச்சை முழுக்க எடுத்துவிட்டுத்தான் தண்ணீர் உப்புத்தாளில் கை வைக்க வேண்டும். 400, 600, 800, 1000 என்று ஏறி, ஒவ்வொரு தாளுக்கும் தேய்க்கும் திசையை மாற்ற வேண்டும். முந்தைய தாளின் கீறல் முழுக்க மறைந்தால்தான் அடுத்த தாள். விரலெல்லாம் கறுப்புச் சேறாகும், பரவாயில்லை. பிறகு துணிச் சக்கரத்தில் சோப் தடவி பஃப். அந்தத் தூசி நுரையீரலுக்கும் ஆகாது, நெருப்புக்கும் ஆகாது. முகத்தில் துணி கட்டாமல் நிற்காதீர்கள். பக்கத்தில் வெல்டிங் நடக்கக் கூடாது.

"எல்லாத்தையும் கண்ணாடி மாதிரி ஆக்கித் தாரேன் அண்ணாச்சி" என்பார் பஃப் அடிக்கிறவர். வேண்டாம். 1956 முதல் திருவொற்றியூரில் உருவான புல்லட்டில் பக்கக் கவர்கள்தாம் மெருகு. கிராங்க் கேஸ் வார்த்த சொரசொரப்போடுதான் வெளிவந்தது. அதையும் மினுக்கினால் கல்யாண வண்டி ஆகுமே தவிர, பழைய புல்லட் ஆகாது. மணல் அடிப்பது இன்னும் மோசம். ஆயில் போகும் துளையில் ஒரு மணல் தங்கினாலும் பேரிங்கைத் தின்னும்.

மெருகு கொஞ்சம் மங்கினாலும் பதற வேண்டாம். அலுமினியம் காற்றுப் பட்டவுடன் கண்ணுக்குத் தெரியாத ஆக்ஸைடு தோலைப் போர்த்திக்கொள்கிறது. இரும்பைத் துரு தின்பதுபோல் அலுமினியம் தின்னப்படாமல் இருப்பது அதனால்தான். மாதம் ஒருமுறை கொஞ்சம் மெழுகு பாலிஷ் போதும்.

அடுத்த முறை எஞ்சினை இறக்கும்போது கவர்களை மட்டும் பஃப்புக்குக் கொடுங்கள். கிராங்க் கேஸை டீசலில் கழுவி அப்படியே மாட்டுங்கள்.