ரெண்டு ஜிபிஎஸ் இருந்தா போதுமா?

மக்களே, இந்த வருஷம் போகி அன்னைக்கு விடிகாலையில காசிமேட்டுலேர்ந்து நண்பனோட ஃபைபர் போட்டுல கடலுக்குப் போனேன். சும்மா வேடிக்கை பார்க்கத்தான்.

போகிக்கு வடசென்னை எப்படி இருக்கும்னு தெரியும்ல? ராயபுரம் தொடங்கி எண்ணூர் வரைக்கும் எரிச்ச பாயும் டயரும் பனியோட கலந்து, கரைக்காத்துல கடல் மேல வந்து குந்திக்கிச்சு. போட்டோட முனை கூட மங்கல்தான். அந்த நேரம் பார்த்து ஜிபிஎஸ் அணைஞ்சு போச்சு.

"பயப்படாத மச்சி, இன்னொண்ணு இருக்கு"ன்னான். அதுவும் அணைஞ்சிருந்தது. ரெண்டுக்கும் ஒரே பேட்டரி! டெர்மினல்ல உப்பு பூத்து ஒயர் கழண்டிருக்கு. வயர்லெஸ்ஸும் அதே பேட்டரி. என் செல்போன்ல சார்ஜ் இல்லை. கயிறு இழுத்து ஸ்டார்ட் பண்ற இன்ஜின் மட்டும் ஓடிச்சு.

கூட வந்த அவன் பெரியப்பா, டப்பாவிலேர்ந்து உள்ளங்கை அகல காம்பஸ் ஒண்ணை எடுத்தார். "மேக்கால விடுடா." அவ்வளவுதான். நம்ம கரை வடக்கு தெற்கா நீண்டு கிடக்கு, மேற்கே போனா கரை வந்துதானே ஆகணும்? வழியில நங்கூரம் போட்டு நின்ன கப்பல் ஒண்ணு திடீர்னு சுவர் மாதிரி முன்னாடி வந்தப்ப எனக்கு உயிர் போயிட்டு வந்தது. திருவொற்றியூர் பக்கம் கரை தெரிஞ்சதும்தான் மூச்சே வந்தது.

அன்னைக்குப் புரிஞ்சது இதுதான். ரெண்டாவது கருவி வேற, மாற்றுக் கருவி வேற. முதல் கருவியைச் சாகடிக்கிற விஷயம் மாற்றுக் கருவியைத் தொடவே கூடாது.

வெளிநாடுகள்ல சொந்தமா குட்டி விமானம் கட்டிப் பறக்கிறவங்களுக்கு இது தலையாய பிரச்சினை. டிஜிட்டல் திரை எவ்வளவு பெருசா இருந்தாலும், பக்கத்துல காத்தழுத்தத்துல ஓடுற பழைய வேகமானியும் உயரமானியும் ஒரு காம்பஸும் வைக்கிறவங்க நிறைய. பெரிய விமானமும் விதிவிலக்கு இல்லை. 2008 ஜனவரி 7-ம் தேதி பாங்காக் நெருங்கின குவாண்டாஸ் 747-ல, சமையலறைத் தண்ணி கசிஞ்சு மின்சாரப் பெட்டிக்குள்ள இறங்கி, பெரும்பாலான மின்சாரம் போயிடுச்சு. பேட்டரியில ஓடின மாற்றுக் கருவிகளை வச்சுப் பத்திரமா இறக்கினாங்க.

தனித்தனி பேட்டரி வச்சா போதுமான்னா, அதுவும் போதாது. ரெண்டு ஜிபிஎஸ்ஸும் வானத்துலேர்ந்து வர்ற சிக்னலைத்தானே நம்புது? 2025 நவம்பர்ல டில்லி பக்கம் விமானங்களுக்குப் போலி ஜிபிஎஸ் சிக்னல் வந்தது. சென்னை விமான நிலையத்துலேர்ந்தும் ஜிபிஎஸ் குறுக்கீடு பத்திப் புகார் வந்திருக்குன்னு அடுத்த மாசமே நாடாளுமன்றத்துல சொன்னாங்க.

காம்பஸ் நாம எங்க இருக்கோம்னு சொல்லாது, எந்தப் பக்கம்னு மட்டும்தான் சொல்லும். பக்கத்துல இரும்போ ஸ்பீக்கரோ வச்சா பொய்யும் சொல்லும். அதனால நல்ல நாள்லயே ஜிபிஎஸ்ஸோட ஒப்பிட்டுப் பார்த்து வைக்கணும். நம்ம துறைமுகத்துக்கு வர்ற பெரிய கப்பல்கள்லயே மின்சாரத்தை நம்பாத திசைகாட்டி இருக்கணும்னு சர்வதேச விதி இருக்கு. ஃபைபர் போட்டுக்கு மட்டும் எதுக்கு வேண்டாம்?

டிஸ்கி: நண்பன் அடுத்த வாரமே மூணாவது ஜிபிஎஸ் வாங்கிட்டான். "எந்த பேட்டரிடா?"ன்னு கேட்டேன். முறைச்சான் :-)