சிலந்தியைப் பிடித்தால் மட்டும் போதுமா?

"புதிய சிலந்தி இனம் கண்டுபிடிப்பு" என்று எங்காவது செய்தி வந்துவிட்டால் போதும், அன்று மாலைக்குள் என் மாணவர்களில் ஒருவர் அதை எனக்குப் புலனத்தில் அனுப்பிவிடுவார். கூடவே ஒரு கேள்வியும் வரும்: "இவ்வளவு நாளா அது எங்க டீச்சர் இருந்துச்சு?"

அது அங்கேயேதான் இருந்தது. ஊர்க்காரர்கள் பலமுறை பார்த்திருப்பார்கள்; துடைப்பத்தால் அடித்தும் இருப்பார்கள். 'புதிய இனம்' என்றால் அறிவியலில் ஒரே பொருள்தான்: அதை இதுவரை யாரும் முறையாக விவரித்து எழுதவில்லை. எனவே சிலந்தியைப் பார்த்ததும் பிடித்ததும் கண்டுபிடிப்பு ஆகாது. விவரிப்பதில்தான் கண்டுபிடிப்பே இருக்கிறது. அந்த வேலையை யார் செய்கிறார்கள், எப்படிக் கிடைத்த சிலந்தியை வைத்துச் செய்கிறார்கள் என்பதைப் பற்றி நாம் போதிய அளவு கவலைப்படுவதில்லை என்பது என் கருத்து.

விவரிப்பது அவ்வளவு எளிதல்ல. நிறத்தை மட்டும் நம்ப முடியாது. ஒரே இனத்தில் இளம் சிலந்தி ஒரு நிறமாகவும் முதிர்ந்தது வேறு நிறமாகவும் இருக்கலாம். ஆல்கஹாலில் போட்டு வைத்தால் நிறம் வெளுத்தும் போகும். ஆகவே முதிர்ந்த சிலந்தியை நுண்ணோக்கியின் கீழ் வைத்து, கண்கள் எத்தனை, எப்படி அமைந்துள்ளன, ஒவ்வொரு காலின் ஒவ்வொரு பகுதியும் எத்தனை மில்லிமீட்டர் என்று அளக்கிறார்கள். ஆண் சிலந்தியின் வாயருகே கால் போலவே இரண்டு சிறிய உறுப்புகள் இருக்கும். அவற்றின் நுனி அமைப்பு இனத்திற்கு இனம் மாறும். பெண்ணின் இனப்பெருக்க உறுப்பும் அப்படியே. இவற்றை வரைந்து, நெருங்கிய உறவு இனங்களோடு ஒவ்வொன்றாக ஒப்பிட வேண்டும். கடைசியில் ஒரு சிலந்தியை 'மூலமாதிரி' என்று அறிவித்து அருங்காட்சியகத்தில் வைப்பார்கள். பிற்காலத்தில் யாருக்குச் சந்தேகம் வந்தாலும் அந்த மூலமாதிரியைத்தான் பார்க்க வேண்டும். சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகர அருங்காட்சியகம் பராமரிக்கும் உலகச் சிலந்திப் பட்டியலில் 2022ஆம் ஆண்டு 50,000ஆவது இனம் சேர்ந்தது. அத்தனைக்கும் பின்னால் இப்படி யாரோ ஒருவர் குனிந்து உட்கார்ந்திருந்தார்.

இந்தக் கதையில் நம் பினாங்குக்குப் பழைய இடம் ஒன்று உண்டு. 1849இல் டென்மார்க்கைச் சேர்ந்த ஷியோட்டே என்பவர், பினாங்கில் கிடைத்த ஒரு சிலந்தியை விவரித்து 'லிஃபிஸ்டியஸ் டெசல்டோர்' என்று பெயரிட்டார். டார்வினின் புகழ்பெற்ற நூல் வெளிவர இன்னும் பத்து ஆண்டுகள் இருந்தன. அந்தச் சிலந்தி மண்ணில் வளை தோண்டி, அதற்கு மூடி போட்டுக்கொண்டு வாழும். வாசலிலிருந்து பல இழைகளைத் தரையில் பரப்பி வைத்திருக்கும். எறும்போ வண்டோ இழையில் இடறினால் மூடி சட்டென்று திறக்கும், அவ்வளவுதான். மற்றச் சிலந்திகளின் வயிறு மழமழவென்று ஒரே பையாக இருக்க, இதன் முதுகில் மட்டும் தகடு தகடாக அடுக்கு தெரியும். நூல் நூற்கும் உறுப்புகளும் வயிற்றின் நுனியில் இல்லாமல் அடிப்பக்க நடுவில் இருக்கும். சுமார் 30 கோடி ஆண்டுப் பழமையான புதைபடிவச் சிலந்திகளிலும் இதே அடையாளங்களைக் காணலாம். டைனோசர்களைவிடப் பழைய பரம்பரை! இன்றும் அது நம் கொடிமலையின் மண்சரிவுகளில் குடியிருக்கிறது. இரயிலில் மேலே போய்ப் படம் எடுத்துக்கொண்டு வருபவர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

சரி, பெயர் வைத்தால் சிலந்திக்கு என்ன லாபம்? ஈப்போவுக்கு அருகே குனோங் காந்தான் என்ற சுண்ணாம்பு மலை இருக்கிறது. அங்குள்ள குகையைத் தவிர வேறெங்கும் இல்லாத இதே வகைச் சிலந்தி ஒன்று, 1997இல் 'லிஃபிஸ்டியஸ் காந்தான்' என்று விவரிக்கப்பட்டது. சிமெண்டுக்காக அந்த மலையை உடைக்கிறார்கள். மலையைக் காக்க வேண்டும் என்று பேசியவர்களுக்கு அந்தப் பெயர் கைகொடுத்தது. பெயரில்லாத பூச்சிக்காக யாரும் மனு எழுத முடியாது. 2014இல் அதே மலையின் குட்டி நத்தை ஒன்றுக்குக் கல் உடைக்கும் லஃபார்ஜ் நிறுவனத்தின் பெயரையே வைத்தார்கள். குறும்புதான், ஆனால் நல்ல குறும்பு.

இதற்கு மறுபக்கமும் உண்டு. 2019இல் சரவாக்கைச் சேர்ந்த, கால்கள் பளிச்சென்று நீலமாக மின்னும் ஒரு பெரிய சிலந்தி பிரிட்டனில் விவரிக்கப்பட்டது. பேரினப் பெயர் 'பீருபெஸ்'. அதில் உள்ள 'பீரு' நமக்குத் தெரிந்த மலாய்ச் சொல்தான்: நீலம். இனப் பெயரோ, சேகரித்தவர்களின் பிள்ளைகளுடைய பெயர்களைச் சேர்த்து உருவாக்கியது. சிலந்திகளை ஐரோப்பாவுக்குக் கொண்டுபோனவர்கள் தனியார் சேகரிப்பாளர்கள். அவர்களிடம் அனுமதி இருந்ததாகத் தங்களுக்குச் சொல்லப்பட்டது என்றார்கள் ஆய்வாளர்கள். அப்படி எதுவும் வழங்கவில்லை என்றது சரவாக் தரப்பு.

"எப்படியோ அறிவியலுக்கு ஓர் இனம் கிடைத்ததே" என்று சிலர் சொல்வார்கள். நான் ஏற்கமாட்டேன். காட்டில் அது எந்த உயரத்தில் வாழ்கிறது, எத்தனை மிச்சம் இருக்கின்றன என்று அங்கே போய்ப் பார்க்காமல் எழுதும் விவரிப்பு பாதி விவரிப்புதான். அழகான சிலந்தி ஒன்று செய்தியில் வந்தவுடன் அதை வாங்கி வளர்க்க ஆள் வந்துவிடும். அதனால் ஆய்வுக் கட்டுரையை நடத்தும் இதழ்கள் அனுமதிச் சான்றைக் கேட்டுப் பார்த்த பிறகே அச்சிட வேண்டும். சரியான இடத்தை அருங்காட்சியகக் குறிப்பில் மட்டும் எழுதி வைத்தால் போதும்.

வட இலங்கையில் நடந்தது எனக்குப் பிடித்த உதாரணம். 2009இல் மாங்குளம் பகுதியில் ஊர்க்காரர் ஒருவர் கொன்ற பெரிய சிலந்தி ஆய்வாளர்களிடம் வந்து சேர்ந்தது. போர் முடிந்து சில மாதங்களே ஆகியிருந்தன. இலங்கை ஆய்வாளர்கள் அந்தக் காட்டுக்கே போய்ப் பழைய மரங்களில் தேடி, பெண் சிலந்தியையும் கண்டுபிடித்து விவரித்தார்கள். கால்களை விரித்தால் 20 சென்டிமீட்டர். 'பொய்சிலோதீரியா ராஜேய்' என்ற பெயர், ஆபத்தான அந்தப் பகுதியில் அவர்களுக்கு உதவிய காவல் அதிகாரியின் நினைவாக வந்தது.

1849இல் பினாங்குச் சிலந்தி கப்பலேறியதில் வியப்பில்லை. அன்று இங்கே பல்கலைக்கழகம் இல்லை. இன்று நம் தீவிலேயே மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம் இருக்கிறது. கொடிமலை 2021 முதல் யுனெஸ்கோ உயிர்க்கோளக் காப்பகம். சிலந்தியை அளந்து வரையக் கற்ற ஆட்கள்தான் போதவில்லை. படிவம் ஐந்து முடித்ததும் மருத்துவம், பொறியியல் என்று மட்டும் யோசிக்கும் மாணவர்களே, இப்படியும் ஒரு வேலை இருக்கிறது.

அதுவரை ஒன்று செய்யலாம். அடுத்த முறை மலையேறும்போது மூடியுள்ள வளை கண்ணில் பட்டால் தோண்டாதீர்கள், மூடியைக் குச்சியால் கிளறாதீர்கள். பக்கத்தில் ஓர் அடிக்கோலை வைத்துப் படம் எடுங்கள். தேதி, நேரம், மண் ஈரமா காய்ந்ததா என்று குறித்துக்கொள்ளுங்கள். ஐநேச்சுரலிஸ்ட் தளத்தில் ஏற்றுவதாக இருந்தால், இடத்தை மறைக்கும் வசதி அதில் இருக்கிறது. அதை அழுத்திய பிறகு ஏற்றுங்கள். புலனத்தில் எனக்கும் ஒரு படம் அனுப்புங்கள், இடத்தைச் சொல்லாமல்.