சென்சார் சண்டையும் தூத்துக்குடி வெயிலும்

மக்களே, கேமரா வாங்கப் போற பசங்க எல்லாரும் சென்சார் அளவை வாய்ப்பாடு மாதிரி ஒப்பிக்கிறாங்க. "ஃபுல் பிரேம் இல்லேன்னா வேஸ்ட் மச்சி"ன்னு கேட்டுக் கேட்டு காது புளிச்சுப் போச்சு. நம்ம ஊருக்குச் சின்ன மிரர்லெஸ் வாங்கறவன் முதல்ல பார்க்க வேண்டியது அது கைக்கும் கண்ணுக்கும் எப்படி இருக்குன்னுதான். படத்தோட தரம் அப்புறம்.

கணக்கை முதல்ல முடிச்சுடுவோம். ஃபுல் பிரேம் 36 x 24 மி.மீ., மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ் 17.3 x 13. பரப்புல நாலுல ஒரு பங்குதான். ஏபிஎஸ்-சி ரெண்டுக்கும் நடுவுல. இருட்டுல சின்ன சென்சார்ல புள்ளி புள்ளியா இரைச்சல் கூடும், மறுக்கலை. ஆனா உப்பளத்துல காலைல பத்து மணிக்கு ஐஎஸ்ஓ 200ஐத் தாண்ட வேலையே இல்லை. சின்ன சென்சாரோட 20 மெகாபிக்சல் படம் 5184 x 3888. ஏ3 தாள்ல நல்லா அச்சடிக்க 4961 x 3508 போதும். நாம போடறதோ இன்ஸ்டாகிராம்ல. அங்க அகலம் 1080 (இதுக்குத்தான் இத்தனை சண்டை!).

இப்ப அதே உப்பளத்துல நில்லுங்க. வெள்ளைக் குவியலைப் பார்த்ததும் எந்தக் கேமராவோட மீட்டரும் ஏமாந்து உப்பைச் சாம்பலாக்கிடும். எக்ஸ்போஷரை ஒரு ஸ்டாப் ஏத்தணும். 2019ல வந்த ஃப்யூஜி எக்ஸ்-டி30ல கட்டைவிரல் பக்கத்துலயே அதுக்குன்னு தனி டயல். அதே வருஷத்து சோனி ஏ6400ல பின்சக்கரத்தோட கீழ்ப்பக்கத்தை அமுக்கி, அப்புறம் சுத்தணும். ரெண்டும் ஏபிஎஸ்-சி, படத்துல பங்காளிங்க. கைல வேற வேற ஜாதி. பிடிமானத்துல மட்டும் சோனிதான். ஃப்யூஜி வேர்த்த கைல வழுக்கும்.

அடுத்தது வியூஃபைண்டர். எனக்குக் கோபமே இங்கதான். திரேஸ்புரம் கரைல உச்சி வெயில்ல பின்னாடி இருக்கற திரைல உங்க மூஞ்சிதான் தெரியும். அப்படியிருக்க சோனி இசட்வி-இ10 (2021), நிகான் இசட்30 (2022) ரெண்டுலயும் வியூஃபைண்டரையே தூக்கிட்டாங்க. 2024ல பானசோனிக் எஸ்9 வந்துச்சு. ஃபுல் பிரேம்தான், அதுலயும் கிடையாது! சோனி ஏ7சி (2020) இன்னும் வேடிக்கை. ஃபுல் பிரேமுக்கு அள்ளிக் குடுத்து வாங்கினா வியூஃபைண்டர் உருப்பெருக்கம் 0.59 தான். அதைவிட மலிவான ஏ6400ல 0.70. 2023ல ஏ7சி 2 வந்தப்பதான் 0.70 ஆக்கினாங்க.

படகுல ஏறினா இன்னொரு கதை. தெறிக்கிற உப்புத் தண்ணி, ஆட்டம், பிடிச்சுக்க ஒரு கை. சோனியோட 100-400 ஃபுல் பிரேம் லென்ஸ் மட்டும் 1395 கிராம். ஒத்தைக் கையால தூக்கிப் பாருங்க அண்ணாச்சி. 2022ல வந்த ஓஎம்-5 பாடியே 414 கிராம்தான். சாரலைத் தாங்க ஐபி53 தரம் உண்டு (லென்ஸும் அதே தரத்துல இருக்கணும், கடல்ல முக்கிட்டு என்னைத் திட்டாதீங்க). இந்தக் கடல்ல கடைசியா முத்துக்குளிப்பு நடந்தது 1961ல. சங்குக்குளி இன்னும் நடக்குது. அதையும் படகுலருந்தே எடுத்து வைக்க ஆள் வேணும். பெரிய லென்ஸுக்காரர் கரைலயே நின்னுடறார்.

ஆகஸ்ட் 5 பனிமய மாதா திருவிழா ராத்திரில ஃபுல் பிரேம் ஜெயிக்கும். சரி, ஜெயிக்கட்டும். எஃப்1.8 லென்ஸ் ஒண்ணு போட்டா அந்த ராத்திரியையும் சின்னக் கேமரா சமாளிச்சுடும். பாடிக்கே காசைக் கரைச்சவன்கிட்ட லென்ஸுக்கு மிச்சம் இருக்காது.

அதனால கடைக்குப் போறவங்க மதியம் பன்னெண்டு மணிக்குப் போங்க. கடைக்காரர்கிட்ட கேட்டு, கேமராவை வாசலுக்கு எடுத்துட்டு வந்து, கண்ணுல வச்சு, திரையைப் பார்க்காம எக்ஸ்போஷரை ஏத்தி இறக்கிப் பாருங்க. முடியலைன்னா அதை அங்கேயே குடுத்துட்டு அடுத்ததைக் கேளுங்க.