அப்பத்தாவைத் தொலைக்கச் சொன்ன வாத்தியார்

முதல்லயே சொல்லிடறேன், கொஞ்சம் காட்டமான பதிவு. கூடவே ரெண்டு படத்தோட கிளைமாக்ஸையும் போட்டு உடைக்கப் போறேன். 'மெமன்டோ', 'ழான் டீல்மன்' ரெண்டையும் பார்க்காத மக்கள் பார்த்துட்டு வாங்க. பதிவு எங்கயும் ஓடிடாது.

போன மாசம் ஒரு சனி, ஞாயிறு திரைக்கதைப் பட்டறைக்குப் போயிருந்தேன். ஞாயித்துக்கிழமை ரிலீஸ் வேற இருந்துச்சு, காய்ச்சல்னு மேனேஜர்கிட்ட பொய் சொல்லிட்டுப் போனேன். கையில பதினைஞ்சு பக்கக் குறும்படக் கதை. எங்க அப்பத்தா கதை. கடைசி ரெண்டு வருஷம் அவங்களுக்கு ஞாபகம் தப்பிப் போச்சு. சாயங்காலம் நாலு மணி ஆனா சேலையை மாத்திக்கிட்டு, பையைத் தூக்கிக்கிட்டு, "ஊருக்குப் போகணும்டா, கடைசி பஸ் போயிரும்"னு கிளம்பிடுவாங்க. நான் கூட்டிட்டுப் போய் பஸ் ஸ்டாப்ல உக்கார வைப்பேன். அரை மணி நேரத்துல எதுக்கு வந்தோம்னே மறந்துடும். திரும்பி வந்துடுவோம். மறுநாள் நாலு மணிக்கு மறுபடியும். கதை அவ்ளோதான்.

வாத்தியார் படிச்சாரு. போர்டுல ஒரு கோடு போட்டு, அதை ரெண்டு இடத்துல வெட்டினாரு. "இன்சைட்டிங் இன்சிடென்ட் எங்க தம்பி? ரெண்டாவது பக்கத்துல பாட்டி தொலைஞ்சு போகணும். அப்பதான் பேரன் தேடுவான், அப்பதான் செகண்ட் ஆக்ட்"னாரு.

டீ பிரேக்ல பக்கத்து சீட்டு நண்பர் ஆறுதல் சொல்ல வந்தாரு. "அவரு பழைய ஆளு பாஸ். நீங்க நான்-லீனியரா மாத்திருங்க. கடைசி நாளை முதல்ல போடுங்க, வேற லெவல்ல இருக்கும்."

ரெண்டு பேர் மேலயும் எனக்கு ஒரே அளவு கடுப்பு.

வாத்தியார் கையில இருந்தது சிட் ஃபீல்ட் 1979ல எழுதின புத்தகத்தோட சரக்கு. 120 பக்கத் திரைக்கதைன்னா முதல் 30 பக்கம் அறிமுகம், நடுவுல 60 மோதல், கடைசி 30 முடிவு. 2005ல பிளேக் ஸ்னைடர் வந்து இன்னும் ஒரு படி மேல போய், பதினைஞ்சு திருப்பங்களுக்கும் பக்க எண்ணே போட்டுக் கொடுத்தாரு. கேட்டா அரிஸ்டாட்டிலை இழுப்பாங்க. அவரு சொன்னது ஆரம்பம், நடு, முடிவுன்னு ஒண்ணு இருக்கணும்ங்கறதுதான். 'ஆக்ட்'னும் சொல்லலை, பக்க எண்ணும் கொடுக்கலை. நீங்க எந்தப் படத்தைக் காட்டினாலும் "இதுலயும் மூணு ஆக்ட் இருக்கே"ம்பாங்க. தோசையைக்கூட மூணாப் பிய்க்கலாம் சாமி. அதுக்காக மாஸ்டர் மூணு துண்டாவா ஊத்துறாரு? கிறிஸ்டின் தாம்சன் 1999ல ஹாலிவுட் படங்களை உக்காந்து அளந்து பார்த்துட்டு, பெரும்பாலும் நாலு பாகமாத்தான் இருக்குன்னு எழுதினாங்க. அதைப் பத்தி மூச்சு விட மாட்டாங்க.

சரி, இப்ப நம்ம 'வேற லெவல்' கோஷ்டி. இவங்களுக்கு சாமி கிறிஸ்டோபர் நோலன், வேதம் 'மெமன்டோ' (2000). எனக்கும் உயிர் அந்தப் படம். ஹாஸ்டல்ல நைட்டு ரெண்டு மணிக்குப் பார்த்துட்டு, விடியற வரைக்கும் பேப்பர்ல அம்புக்குறி போட்டுக்கிட்டு உக்காந்திருந்தேன். கலர் காட்சிகள் பின்னாலிருந்து முன்னால வரும். கறுப்பு வெள்ளைக் காட்சிகள் நேர் வரிசையில போகும். ரெண்டும் கடைசியில ஒரு போலராய்டு போட்டோ தெளியற நேரத்துல வந்து முட்டும். நம்ம பாஷையில சொன்னா கலர் பகுதி ஒரு ஸ்டேக், கடைசியா உள்ள போனது முதல்ல வெளிய வருது.

ஆனா ஏன் அப்படி? ஸ்டைலுக்கா? லெனர்டுக்குப் புதுசா எதுவும் ஞாபகத்துல தங்காது. ஒவ்வொரு காட்சியிலயும், இதுக்கு முன்னாடி என்ன நடந்துச்சுன்னு தெரியாமத்தான் முழிக்கிறான். காட்சிகள் தலைகீழா வர்றதால நாமளும் அவனை மாதிரியே முழிக்கிறோம். படம் முடியற இடத்துல என்ன தெரியுது? டெடியோட கார் நம்பரை ஆதாரம்னு எழுதி வச்சதே இவன்தான். அது மறந்துடும்னு தெரிஞ்சே எழுதுறான். அந்த டெடியை இவன் சுடறதைத்தான் முதல் காட்சியில பார்த்திருக்கோம், இவன் பக்கம் நின்னு. அதையே நேர் வரிசையில அடுக்கிப் பாருங்க. டெடி மேட்டர் பாதியிலயே உடைஞ்சுடும். அப்புறம் ஒரு ஏமாளி நடந்து போறதை வேடிக்கை பார்க்கறதுதான் பாக்கி. வரிசையை மாத்தினா அர்த்தமே மாறுது. யாருக்கு எது எப்ப தெரியணும்ங்கற முடிவு அது. என்னைப் பொறுத்தவரை கதையமைப்புன்னா அதுதான்.

இங்க 2005ல 'கஜினி' வந்துச்சு. போலராய்டு, பச்சை குத்தறது, பதினைஞ்சு நிமிஷ மறதி எல்லாம் வந்துச்சு, அந்த வடிவம் மட்டும் வரலை. டைரியைப் படிக்க வச்சு, ஃப்ளாஷ்பேக்கை வரிசையாச் சொல்லி, வில்லன் யாருன்னும் காட்டிட்டாங்க. சஞ்சய் ராமசாமிக்குத் தெரியாதது எல்லாம் நமக்குத் தெரியும். மறதிங்கறது சண்டைக்கு நடுவுல வர்ற ஒரு தடங்கல், அவ்ளோதான். (அசின் போர்ஷனுக்கு நானும் அழுதவன்தான். அது வேற கணக்கு.)

இப்ப எதிர்ப்பக்கம் ஒண்ணு. ஷாந்தால் அக்கர்மன் தன்னோட 24 வயசுல எடுத்து 1975ல வந்த 'ழான் டீல்மன்'. மூணு நாள், மூணு மணி நேரத்துக்கும் மேல. நாள் ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு சுத்தமான நேர் வரிசை, ஒரு ஃப்ளாஷ்பேக் கிடையாது. ஒரு பொம்பளை சமைக்கிறா, பாத்திரம் கழுவுறா, படுக்கை தட்டிப் போடுறா. வீட்டுக்கு வர்ற ஆம்பளைங்ககிட்ட காசு வாங்கிக்கிறா. அதையும் இன்னொரு வேலை மாதிரி முடிச்சுட்டுப் போறா. ரெண்டாவது நாள் உருளைக்கிழங்கு குழைஞ்சு போகுது. சட்டியைக் கையில வச்சுக்கிட்டு எங்க வைக்கறதுன்னு தெரியாம வீட்டுக்குள்ள அலையறா. நம்புங்க, எனக்கு வயித்தைக் கலக்கிருச்சு. முதல் நாள் முழுக்க அவளோட ஒழுங்கைப் பார்த்துப் பழகினதால வந்த பயம் அது. மூணாவது நாள் கத்திரிக்கோலால ஒருத்தனைக் குத்திடறா. பட்டறை வாத்தியார்கிட்ட கொடுத்திருந்தா அந்தக் கொலையை முப்பதாவது பக்கத்துக்கு இழுத்துட்டு வந்திருப்பாரு. நம்ம நண்பர் அதை முதல் ஷாட்டா வச்சிருப்பாரு. 2022ல 'சைட் அண்ட் சவுண்ட்' விமர்சகர்கள் ஓட்டெடுப்புல முதல் இடம் இந்தப் படத்துக்குத்தான். அந்த லிஸ்ட்டை வச்சு நான் வாதாட வரலை, கிழங்கை வச்சுத்தான்.

அப்பத்தாவோட இருந்த ரெண்டு வருஷத்துல அவங்க ஒரு தடவைகூடத் தொலைஞ்சு போனதில்லை. பஸ் ஸ்டாப்ல உக்கார்ந்திருக்கும்போது "தம்பி நீங்க எந்த ஊரு?"ன்னு கேப்பாங்க. முதல் தடவை கேட்டப்ப பஸ் ஸ்டாப்லயே அழுதுட்டேன். இருபதாவது தடவை ஊர் பேரைச் சொல்லிட்டு மொபைலை நோண்டிக்கிட்டிருந்தேன். அந்த இருபதாவது தடவைதான் என் கதை. அதைக் காட்டணும்னா முன்னாடி நடந்ததையும் காட்டியாகணும், அதே வரிசையில, அதே கேள்வியோட.

ரெண்டாவது நாள் பட்டறைக்குப் போகலை. கட்டின காசைத் திருப்பித் தர மாட்டாங்களாம். வீட்டுல உக்காந்து மூணு பக்கம் கூட்டி எழுதினேன். மூணுமே பஸ் ஸ்டாப்.

டிஸ்கி: எங்க மேனேஜர் யாராவது இதைப் படிச்சா, காய்ச்சல் நிஜம்தான்னு சொல்லிடுங்கப்பு.