உடைமரத்து மேல வழக்கு

வீட்டுக்கு வீடு ஒரு மரப் புலம்பல் இருக்கும். செப்டிக் டேங்க் பக்கத்துல வச்ச தென்னை, காம்பவுண்டை ஒட்டி வச்ச வேம்பு, கரண்ட் கம்பிக்கு நேர் கீழ வச்ச பாதாம். சுவர்ல விரிசல் விழும்போதுதான் "இதை எவன்யா இங்க கொண்டு வச்சது"ன்னு கேப்போம். வச்சது தாத்தாவா இருக்கும். அவரு போட்டோவுல மாலையோட சிரிச்சுக்கிட்டு இருப்பாரு :-)

எங்க தூத்துக்குடி மாவட்டம் மொத்தத்துக்கும் அப்படி ஒரு மரம் உண்டு. சீமைக் கருவேலம். எங்க பக்கத்துல சும்மா உடைமரம்னு சொல்லிருவோம். காமராஜர் பிளேன்ல விதை தூவுனாருன்னு டீக்கடைக்கு டீக்கடை ஒரு கதை ஓடும். அவர் முதலமைச்சர் ஆனது 1954-ல. மரம் மதராஸ் மாகாணத்துக்கு வந்தது 1877 வாக்குல, வனத்துறை அதிகாரி பெட்டோம் விதை கேட்டு வாங்கி, கடப்பா பக்கம் நட்டாங்க. விறகுப் பஞ்சத்துக்கு மருந்து. அப்புறம் தோட்டத்துக்கு வேலி. வேலிகாத்தான்னு பேரே அப்படி வந்ததுதான். வேலிக்குன்னு வச்சது உள்ளேயும் வந்துருச்சு, வெளியேயும் போயிருச்சு.

பரவுனதுல ஆட்டுக்கும் பங்கு உண்டு. காய் இனிப்பா இருக்கும், ஆடு விரும்பித் தின்னும். விதை செரிக்காம புழுக்கையோட விழும். உரத்தோட சேத்து நட்ட மாதிரி. கென்யாவுல பாரிங்கோ பக்கத்து ஜனங்க, இதைக் கொண்டுவந்து விட்டதுக்காக 2006-ல அரசாங்கத்து மேலயே கேஸ் போட்டாங்க. காயைத் தின்னு பல்லு போன ஆடு ஒண்ணை சாட்சியா கோர்ட்டுக்கே கூட்டிட்டுப் போனாங்க!

இங்கயும் கோர்ட்டுக்குப் போச்சு. 2017 ஆரம்பத்துல உயர்நீதிமன்ற மதுரைக் கிளை 'வெட்டு வெட்டு'ன்னு விரட்ட, தென் மாவட்டம் பூரா ஜேசிபி சத்தம். அரியலூர்ல ஜாமீன் வேணும்னா நூறு மரம் வெட்டணும்னு நிபந்தனை. காத்துல இருக்கிற ஈரத்தை எல்லாம் உறிஞ்சுது, மாடு மலடாகுது, குருவி கூடு கட்டாதுன்னு ஏகப்பட்ட பார்வர்ட். (கொக்கு அதுல கூடு கட்டுறதைப் பாக்க ஒரு நாள் குளத்துப் பக்கம் போனா போதும்.) ஏப்ரல்ல சென்னையில இடைக்காலத் தடை வந்துச்சு.

எனக்கு இந்த ஆவேசம்தான் ஒத்துக்கலை. மரம் நல்லதுன்னு சொல்லலை. குளத்துக்குள்ள, ஓடைக்குள்ள, வரத்துக்கால்ல நிக்கிற மரம் ஒண்ணுகூட இருக்கக் கூடாது. 2023 டிசம்பர்ல காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 95 செ.மீ. மழை கொட்டுச்சே, அப்படி வர்ற தண்ணி போறதுக்கு வழி வேணும். அதுல முள்ளுக்காடு மண்டிக் கிடந்தா ஊருக்குள்ளதான் வரும். இதுல ரெண்டு பேச்சுக்கு இடமே இல்ல.

ஆனா விளாத்திகுளம், புதூர் பக்கம் போய்ப் பாருங்க. மானாவாரிக் கரிசல். மழை பொய்ச்ச வருசம் உளுந்தும் இல்ல, கம்பும் இல்ல. அப்ப அடுப்பு எரிஞ்சது கரிமூட்டத்தாலதான். வெட்டுன கட்டையை அடுக்கி, வைக்கோல் போட்டு, ஈரமண்ணு பூசி, தீ வச்சுட்டு ராத்திரி பகலா காவல் இருக்கணும். எங்கயாவது மண்ணு வெடிச்சு காத்து உள்ள போனா கட்டை அத்தனையும் சாம்பல். அந்த வேலைக்காரங்ககிட்ட மரத்தை மட்டும் பிடுங்கிட்டு, பதிலுக்கு என்ன குடுக்கப் போறோம்? தமிழக அரசு 2022-ல அந்நிய மரங்களை அகத்துறதுக்குன்னு கொள்கையே கொண்டுவந்திருக்கு. வெட்டுறது, மாத்தி நடுறது எல்லாம் சரி, மூட்டக்காரன் கணக்குல எங்க வர்றான்?

இன்னொரு வயித்தெரிச்சல். நம்ம நாட்டு உடைமரம்னு ஒண்ணு இருக்கு, குடை விரிச்ச மாதிரி உச்சி தட்டையா நிக்கும், சாத்தான்குளம் தேரி மண்ணுல பாக்கலாம். நாட்டுக் கருவேலமும் இருக்கு. முள்ளைப் பாத்தாலே கோடாலியைத் தூக்குறவனுக்கு மூணும் ஒண்ணுதான்.

இதுல பாடம் படிச்சோமான்னா, ம்ஹூம். சீக்கிரம் வளருது, பச்சைப் பசேல்னு இருக்குன்னு காம்பவுண்டு ஓரமெல்லாம் கோனோகார்பஸ் வச்சோம். 2025-ல அதுக்கும் தடை.

என் யோசனை சின்னதுதான். குளத்துல மரம் வெட்டுற ஏலத்தை வெளியூர் ஜேசிபி முதலாளிக்கு விடாம, அந்தந்த ஊர் கரிமூட்டக்காரங்களுக்குக் குடுங்க. தூரோட தோண்டி எடுக்கணும்னு ஒரே கண்டிஷன். மேல வெட்டிட்டு தூரை விட்டா அடுத்த மழைக்குத் துளிர்த்துரும்னு அவங்களுக்கு யாரும் வகுப்பு எடுக்க வேண்டாம், தூர்க்கட்டையிலயும் கரி இருக்குங்கிறதும் அவங்களுக்குத் தெரியும்.